பட்டினிக் கூண்டில் பொரி

அக்டோபர் 20, வெள்ளி

கத்துவதற்குப் பதிலாக எழுதுங்கள் என்று பிரஷருக்கு மாத்திரை தரும் டாக்டர் சொல்லிவிட்டார். இவர் அன்று சாயங்காலமே போய் இந்த டைரியை வாங்கி வந்துவிட்டார். என் கத்தலிலிருந்து தப்பிப்பதற்கு என்ன சுறுசுறுப்பு! கல்யாணமான நாளிலிருந்து குமரேசன் கேட்காமலேயே வாங்கி வந்த முதல் சாமான் இதுதான்.

சரி, எழுதுகிறேன். மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு எலி டாக்டராக இருக்கிறேன். கோவில்பாளையம் தாண்டி ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். மருந்தோ பூச்சிக்கொல்லியோ எது புதிதாக வந்தாலும், மனுஷர் கைக்குப் போகுமுன் எங்கள் எலிகளின் வயிற்றுக்குள் போக வேண்டும். எவ்வளவு கொடுத்தால் சாகும், எவ்வளவுக்குப் பிழைக்கும் என்று பார்த்து, கடைசியில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

இன்று கத்தும்படி ஆகிவிட்டது. புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்தது ஒன்றும் புது விஷமில்லை. கத்தரிக்கும் பருத்திக்கும் எல்லாரும் அடிக்கிற, எந்த உரக்கடையிலும் கிடைக்கிற பூச்சி மருந்துதான். அதில் எதையோ மாற்றிக் கலந்து நாற்றத்தைக் குறைத்திருக்கிறார்களாம். விஷமும் குறைந்துவிட்டதாம். அதனால் டப்பாவில் மஞ்சள் முக்கோணத்தை எடுத்துவிட்டு நீல முக்கோணம் போட வேண்டுமாம். சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் கீழே. அவர்கள் சொல்வது நிஜமா என்று எங்கள் எலிகள்தான் சொல்ல வேண்டும்.

எம்.டி. தண்டபாணி கூப்பிட்டுச் சொன்னார். "விஜயதசமி அன்னிக்கே ஆரம்பிச்சரலாங் டாக்டர். நெம்ப நல்ல நாளு. பார்ட்டியே நேர்ல வர்றாங்க."

"அன்னிக்கு லீவு சார். எலிக்கு விஷம் குடுக்கறதுக்கு யாராவது நல்ல நாள் பாப்பாங்களா?"

"கொழந்தைக்கு எழுத்து ஆரம்பிக்கற நாளுங்க அது. எதைத் தொட்டாலும் வெளங்கும்."

கத்திப் பார்த்தேன். விஜயதசமியன்றுதான் என்று முடிவாகிவிட்டது.

அக்டோபர் 21, சனி

குழாயில் ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரப்பியதில் இடுப்பு போயிற்று.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். லேத் பட்டறைக்காரனிலிருந்து இட்லிக் கடைக்காரன் வரை ஒருவன் விடமாட்டான். நாங்கள் மட்டும் என்ன குறைச்சல்? வாசலில் வாழை மரம். மைக்ரோஸ்கோப், ரத்தம் சுற்றும் மெஷின், எலி நிறுக்கும் தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். தரக் கட்டுப்பாடு பார்க்கும் ஜெரோம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொரி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர் அவர்தான். இவரா நாளைக்கு ஒரு புள்ளி தப்பினாலும் என் நோட்டில் சிவப்பு மையில் சுழிக்கப்போகிறவர் என்று சிரிப்பாக வந்தது.

பூஜைக்கு முன்னாலேயே நாளைக்கான மூன்று எலிகளின் கூண்டிலிருந்து தீனியை எடுத்துவிட்டோம். மருந்து கொடுப்பதற்கு முந்தின ராத்திரி எலி பட்டினி கிடக்க வேண்டும், தண்ணீர் மட்டும் உண்டு. வயிறு நிறைந்திருந்தால் விஷம் மெதுவாகத்தான் இறங்கும், சாகிற எலியும் பிழைத்துக்கொள்ளும், கணக்கே தப்பாகிவிடும். மூன்று கூண்டிலும் நானே பட்டினிச் சீட்டை மாட்டினேன். சிவப்பு அட்டை, கண்ணில்லாதவனுக்கும் தெரியும்.

எலி வீட்டைப் பார்த்துக்கொள்வது மாராத்தாக்கா. தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் கழுவுவது, உமி மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. வேலையில் குறை சொல்ல முடியாது, வாயைத்தான் மூடமாட்டாள். சீட்டு மாட்டும்போது கேட்டாள்.

"இந்த மருந்து நீலமா மஞ்சளாங் டாக்டரம்மா?"

"அது தெரிஞ்சா நாங்க ஏங்க்கா இந்தப் பாடு படறோம்? உங்களுக்கு எதுக்கு அது?"

"எங்கூட்டுக்காரரு அந்தக் கலரைத்தானுங் பாப்பாரு. எழுத்தெல்லாம் ஆரு படிக்கறா? மஞ்சள்னா குச்சிய உட்டுக் கலக்குவாரு, மூக்குல துண்டக் கட்டுவாரு. நீலம்னா கைய உட்டே கலக்கிருவாருங்."

அவள் வீட்டுக்காரர் ரங்கன் சர்க்கார்சாமக்குளம் பக்கம் தோட்டந்தோட்டமாகப் போய்க் கூலிக்கு மருந்து அடிப்பவர். கையுறை போடச் சொல்லுங்கள் என்றேன். "அது வாங்கிக் குடுத்தாப் பொட்டிக்குள்ள பத்தரமா வெச்சிருக்காருங்" என்றாள்.

எம்.டி. பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார். அப்புறம் பொரி விநியோகம். சரியாக அந்த நேரம் பார்த்து அந்தக் கம்பெனிக்காரர் எனக்குப் போன், நாளைக்கு எந்த ரோட்டில் வர வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று. மாராத்தாக்கா பொரிப் பேசினோடு வந்து நின்று ஏதோ கேட்டாள். போன் காதில் இருந்தது. குடுங்க குடுங்க, எல்லாத்துக்கும் குடுங்க என்று கையைக் காட்டினேன். வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. இவர் சைக்கிள், ஸ்கூட்டர், மிக்ஸி மூன்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தார்.

அக்டோபர் 24, செவ்வாய், விஜயதசமி

மருந்து கொடுத்தாயிற்று. நல்ல நேரத்துக்குள்.

கம்பெனிக்காரர் வெள்ளை வேட்டியில் மைசூர்பா டப்பாவோடு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.டி.யோடு நின்றார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று எம்.டி. இரண்டு தடவை கண்ணாடியைத் தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியைத் திருப்பித் தட்டியிருப்பேன்.

மாராத்தாக்கா ஒவ்வொரு கூண்டாக எடுத்து நீட்டினாள், நான் நிறுத்தேன். ராத்திரி பூரா பட்டினி கிடந்த எலி காலையில் கொஞ்சம் எடை இறங்கியிருக்கும். இந்த மூன்றும் இறங்கவில்லை. தராசைப் பார்த்தால் நேற்றைய சந்தனம் தட்டின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். கிட்டத்தட்ட அதேதான் காட்டியது. சந்தனம் எங்கே உள்ளே போய் ஒட்டியிருக்கிறதோ! பூஜை போடுகிறேன் பேர்வழி என்று தராசைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கூண்டில் உமிக்கு மேலே என்னவோ கிடந்தது, எடுத்துப் போட்டேன்.

நுனி உருண்ட வளைந்த ஊசியால் ஒவ்வொன்றுக்கும் தொண்டைக்குள் விட்டேன். மூன்றும் சாயங்காலம் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மைசூர்பா எனக்குப் பிடிக்காது.

அக்டோபர் 25, புதன்

மூன்றும் உயிரோடு இருக்கின்றன. எம்.டி. என்னைப் பார்த்ததும், "நாஞ் சொன்னனுங்களே, நல்ல நாளு!" என்றார். கம்பெனிக்காரர் அச்சாபீஸுக்கே போய்விட்டாராம். இன்னும் பதின்மூன்று நாள் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். யார் காதில் விழுகிறது!

அக்டோபர் 27, வெள்ளி

மாராத்தாக்காவைக் கண்டபடி திட்டிவிட்டேன். தண்ணீர் பாட்டில் மூடி சரியாக இல்லை என்று. மூடி சரியாகத்தான் இருந்தது.  அவள் அதைக் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டினாள்.

எலிகள் மூன்றும் தின்று கொழுக்கின்றன.

அக்டோபர் 29, ஞாயிறு

குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டேன். இவர் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஆபீஸ்ல என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "டைரியிலயாவது எழுதினயா?" என்றார்.

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்றைக்குக் கூண்டிலிருந்து எடுத்துப் போட்டது பொரி. ஒன்றிரண்டு பொரி, பாதி கடித்த பொட்டுக்கடலை ஒன்று. எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மருந்தைக் கொடுத்தேன். எடை ஏன் இறங்கவில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தராசு பாவம், அதற்கு ஒன்றுமில்லை. நிறுத்துங்கள், இந்த எலிகள் சாப்பிட்டிருக்கின்றன, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்றார்கள், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அக்டோபர் 30, திங்கள்

மாராத்தாக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கத்தவில்லை.

"அக்கா, பூசை அன்னிக்கு எலிக்கெல்லாம் பொரி போட்டீங்களா?"

"போட்டனுங்."

"சிவப்புச் சீட்டு மாட்டியிருந்த கூண்டுக்குமா?"

"அதுகளுக்குந்தானுங். ஆளுக்கு ஒரு கை."

"பட்டினிச் சீட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தன வருசமா இருக்கீங்களே!"

"தீனி போடக்கூடாதுன்னு தெரியுமுங். இது தீனி இல்லீங்களே, பிரசாதம். நானுந்தான் சஷ்டி விரதம் இருக்கறேன், கோயல்ல குடுத்தா வேண்டாம்னா சொல்றேன்? வருசம் பூரா நமக்காவச் சாகற சீவனுங்க, ஆயுத பூசை அன்னிக்கு மிசினுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு இதுகள மட்டும் உட்டா நல்லாருக்குமா?"

 சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாக்கா?"

"கேட்டனுங்களே டாக்டரம்மா. உள்ள இருக்கறதுகளுக்கும் குடுக்கட்டுங்களான்னு. எல்லாத்துக்கும் குடுங்கன்னீங்க."

அவள் அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நான் போனில் இருந்தேன்.

நவம்பர் 1, புதன்

யோசித்துப் பார்த்தால், சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்தச் சோதனை செல்லாது என்றாகும். பொரி தின்ற மூன்றையும் கொன்றாக வேண்டும், விஷம் ஏறிய எலி வேறு எதற்கும் ஆகாது. புதிதாக மூன்றுக்குக் கொடுக்க வேண்டும். வாயில்லா ஜீவனை அனாவசியமாகக் கொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சட்டமே இருக்கிறது. பொரியால் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா என்ன, ஒரு கைப்பிடி. மாராத்தாக்காவுக்கும் வேலை போகும். தீபாவளி வருகிற நேரத்தில் யாருக்கு நல்லது இதெல்லாம்?

மத்தியானம் கூண்டுகளைப் பார்த்தேன். நடுக் கூண்டு எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என் விரலை முகர்ந்தது.

நவம்பர் 3, வெள்ளி

கம்பெனிக்காரர் லேபிள் மாதிரியை எம்.டி.க்கு அனுப்பியிருந்தார். எம்.டி. கூப்பிட்டுக் காட்டினார். பளபளவென்று அச்சடித்திருக்கிறது. பச்சை இலை, சிரிக்கிற விவசாயி, கீழே நீல முக்கோணம். "முடிவு வர்றக்கு முன்னால என்னத்துக்கு அச்சடிச்சாங்க?" என்றேன். "ஒரு மாதிரிதானுங்க, மூணும் நல்லாத்தான இருக்குது?" என்றார்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு ரங்கன் கைதான் ஞாபகம் வந்தது. நான் அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சம்பள நாளில் மாராத்தாக்காவைக் கூட்டிப்போக வந்தபோது. முழங்கை வரை உட்டுக் கலக்கிருவாரு. வாளிக்குள்ளே அந்தக் கை.

நேராக ஜெரோமிடம் போனேன்.

"ஜெரோம் சார், விஜயதசமி ஸ்டடி செல்லாது. முந்தின நாள் மாராத்தாக்கா கூண்டுல பொரி போட்டிருக்காங்க. பட்டினிக் கூண்டுல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது டாக்டர்?"

"இந்த வாரம். விசாரிச்சேன், அவங்களே சொன்னாங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொல்லிவிட்டு வந்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 4, சனி

தூங்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, புக் செய்ய வேண்டும்.

நவம்பர் 6, திங்கள்

எங்களுக்குத் திங்கள்கிழமை காலையில் மீட்டிங். நாற்காலி கிடையாது, கூடத்தில் எல்லாரும் நின்றபடியே. எம்.டி. முதலில் சோதனை செல்லாது என்றார், மறுபடி செய்யப்போகிறோம் என்றார். கம்பெனிக்காரர் போனில் எப்படிப் பேசினார் என்று சொன்னார். அப்புறம் எலி வீட்டிலிருந்து மாராத்தாக்காவைக் கூட்டி வரச் சொன்னார். அவள் நீல மேலங்கியோடு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கூண்டுல பொரி போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்."

"ஆரு போடச் சொன்னாங்க?"

மாராத்தாக்கா என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. எம்.டி. மறுபடி கேட்டார், அப்போதும் பேசவில்லை. வாயே மூடாதவள். பேசியிருக்கலாம், ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை.

"இது பொழப்புல வெளையாடற சமாச்சாரமுங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் எம்.டி.

மேலங்கியைக் கழற்றி மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள். ஜெரோம் வாங்கிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

பொரி தின்ற மூன்றையும் இன்று முடித்தேன். நான்தான் செய்ய வேண்டும், வேறு யாருக்கும் அனுமதியில்லை. நடுக் கூண்டு எலி கையில் எடுத்ததும் பேசாமல் இருந்தது.

நவம்பர் 8, புதன்

ஏஜென்சியிலிருந்து புது ஆள் வந்திருக்கிறான், கபிலன். எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறான். கத்தினேன். நேற்று ராத்திரி பட்டினியை நானே இருமுறை வந்து சரிபார்த்தேன். மூன்றும் எடை இறங்கியிருந்தன. தராசில் எந்தக் கோளாறும் இல்லை.

அதே மருந்து, அதே அளவுதான். கொடுத்து அரை மணிக்குள் முதல் எலி மூலைக்குப் போய் உட்கார்ந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி மார்பு முழுக்க நனைந்தது. கண்ணோரம் சிவப்பாக வடிந்தது. உடம்பு நடுங்கத் தொடங்கி நிற்கவே இல்லை. மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே. இந்த மருந்துக்கு இப்படித்தான் ஆகும் என்று படித்திருக்கிறேன், எத்தனையோ தடவை பார்த்தும் இருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். இன்றைக்குப் பேனா ஓடவில்லை. மத்தியானத்துக்குள் மூன்றும் செத்துவிட்டன.

நீலமாவது ஒன்றாவது! மஞ்சளேதான். நான் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் இதைத்தான் நீலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ரங்கன் கையை விட்டுக் கலக்கியிருப்பார்.

இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். தப்பு நடக்காமல் தடுத்தது நான்தானே? எனக்குச் சந்தோஷமே இல்லை.

நவம்பர் 9, வியாழன்

ஜெரோம் வந்து, "நல்ல நேரத்துல சொன்னீங்க டாக்டர், உங்க நேர்மைதான் காப்பாத்துச்சு" என்று கை கொடுத்தார். கையை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் வைத்துக் குளித்தோம். இவருக்கு நீலச் சட்டை எடுத்திருந்தேன், எடுக்கும்போது கவனிக்கவில்லை. ஆபீஸில் கொடுத்த இனிப்புப் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

"என்னதான் உனக்கு?" என்று இவர் கேட்டார். சொன்னேன். போன் பேசிக்கொண்டே நான் கையைக் காட்டியதையும் சொன்னேன். ஞாபகமில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறது. உள்ள இருக்கறதுகளுக்கும் என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. பட்டினிக் கூண்டையும் சேர்த்துக் கேட்கிறாள் என்று தோன்றவில்லை, அதுதான் உண்மை. ஆனால் விழுந்தது.

 "அந்தம்மாவப் போய்ப் பாரு" என்றார் இவர்.

நவம்பர் 15, புதன்

இரண்டு நாளாக லீவு போட்டு வீட்டில் இருந்தேன். போகவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

போனேன். பிரிக்காத இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பாதி வழியில் அது எவ்வளவு அசிங்கம் என்று உறைத்து, வழியில் வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன்.

ஊர்க் குளத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. ரங்கன் தோட்டத்துக்குப் போயிருந்தார். மருந்தடிக்கிற டேங்க் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. மாராத்தாக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்" என்று சேரை எடுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை.

"வேலைக்குப் போறீங்களாக்கா?"

"வெங்காயம் அறுக்கப் போறனுங். இடுப்புதான் ஒடியுது."

"மருந்து மஞ்சள்னு முடிவாயிருச்சு. நீங்க அன்னிக்குக் கலர் பத்திச் சொன்னதாலதான் அது வெளிய வந்துச்சு. ரங்கண்ணன் கிட்ட சொல்லுங்க, கையை விட்டுக் கலக்க வேண்டாம்னு."

"சொல்றனுங்."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை.  அப்புறம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன். நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது, நான்தான் குடுங்கள் என்றேன், மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே கூண்டில் பொரியைப் பார்த்தேன், பார்த்தும் கொடுத்தேன், ஜெரோமிடம் இதெதையும் சொல்லவில்லை, உங்கள் பேரை மட்டும் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாராத்தாக்கா அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

"நீங்க பொரியப் பொறுக்கிப் போட்டப்ப கூண்டப் புடிச்சுட்டு நின்னது ஆருங் டாக்டரம்மா? நாந்தான?"

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அத்தன பேரு முன்னால நிக்க வெச்சுக் கேட்டாங்க. நா ஏன் வாயத் தொறக்கலைன்னு நெனைச்சீங்? நாஞ் சொன்னா ஆரு நம்புவாங்க, டாக்டரம்மா மேல பழி போடறாம்பாங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன். இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேன். நீங்க கீழ பாத்துட்டீங்."

"அக்கா..."

"இத அங்க சொல்லியிருக்கோணும். எங்கிட்ட வந்து சொல்றீங்களே, எனக்குத் தெரியாததா இது?"

மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது பழத்தை வாங்கிக்கொண்டாள். இனிப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 20, திங்கள்

இன்று காலை மீட்டிங்கில் சொல்லிவிட்டேன்.

எம்.டி. வேறு எதையோ ஆரம்பித்தார். "ஒரு நிமிசம் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொன்னேன். இத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படிக் குரல் போனதில்லை. அக்கா என்னைக் கேட்டுத்தான் போட்டார்கள் என்றேன். பொரியை மருந்துக்கு முன்னாலேயே பார்த்தேன், நிறுத்தியிருக்க வேண்டியது நான், என் தப்புக்கு அவர்களை அனுப்பிவிட்டீர்கள், திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

 ஜெரோம்தான் மெதுவாக, "அப்ப அன்னிக்கு என்கிட்ட சொன்னது?" என்றார்.

"பாதிதான் சார்."

அவர் அன்று எனக்குக் கை கொடுத்த கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். எம்.டி. தொண்டையைக் கனைத்தார்.

"செரி உடுங் டாக்டர். மனசுல வெச்சுக்காதீங்க. ரிப்போர்ட்டெல்லாம் போயாச்சு, பார்ட்டியும் மஞ்சளுக்கு ஒத்துக்கிட்டாங்க. அந்த எடத்துக்கும் ஆள் போட்டாச்சு. இனி எதுக்கு அது? போயி ஒரு டீ சாப்பிடுங்க."

"எனக்கு என்ன சார் தண்டனை?"

"அட, உங்களுக்கு என்னத்துக்குங்க தண்டனை?" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மீட்டிங் முடிந்தது.

என்னை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மேஜை, என் நாற்காலி, என் பேர் போட்ட மேலங்கி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கபிலன் வந்து எந்தக் கூண்டுக்கு இன்றைக்குத் தீனி எடுக்க வேண்டும் என்று கேட்டான், காட்டினேன். எம்.டி.யிடம் மறுபடி போய் நின்றேன், பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கமாட்டார், எனக்குத் தெரியும். நாளைக்கும் போய் நிற்பேன்.

மத்தியானம் மாராத்தாக்காவுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள். வெங்காயக் காட்டில் இருக்கிறாள் போல, பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"சொல்லிட்டேங்க்கா."

"எங்கீங்?"

"மீட்டிங்ல. நடுக்கூடத்துல."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"ஜெரோம் சாரு?"

"அவரும்."

"பாத்தரங் கழுவற செல்வி?"

"செல்வியும் இருந்தா. கடைசில நின்னுட்டிருந்தா."

 வேலை கிடைக்காது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"நான் கேட்டுத்தான் போட்டேன்னு சொன்னீங்களா?"

"அதத்தாங்க்கா மொதல்ல சொன்னேன்."

"செரி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.